பகலில் பேசாத வீடு

ஜூன் 6, செவ்வாய்

காலைப் பூசைக்குப் போய் வந்தேன். புதிதாக வந்திருக்கும் உதவிப் பங்குத்தந்தை இன்று ஆங்கிலத்தில் பிரசங்கம் வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய வினைச்சொற்கள் காலத்தை மதிப்பதில்லை. நேற்று இறந்த லாசரு அவர் வாயில் நாளைக்கும் இறக்கிறான். வாசலில் நிறுத்தி இரண்டு பிழைகளை மட்டும் சொன்னேன். "நன்றி, சென்யோரா" என்றார், நன்றியில்லாத முகத்தோடு. மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

மழை பிடித்துவிட்டது. மாடிக் கூடத்தின் மேற்கு மூலை ஒழுகுகிறது. தகரம் அடிக்க ஆளை வரச்சொன்னால், கீழே சார்மேன் வேண்டாம் என்கிறாள். ஆணிச் சத்தத்தில் தூக்கம் கெடுமாம். என் கூரையைத் தட்ட எனக்கே அனுமதி இல்லை.

கீழ்த்தளத்தில் இருப்பது ருவேலும் அவன் மனைவி சார்மேனும். ருவேலை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தாய் நான். அந்த உரிமையில்தான் "நினாங், ஒரு இடம் வேணும்" என்று வந்து நின்றான். என் கணவர் அமடோ போனபின் கீழே வெறுமையாகக் கிடந்தது, கொடுத்தேன். இருவருக்கும் கால் சென்டரில் இரவு வேலை. விடிந்து வந்து படுத்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் விழிப்பார்கள். அமெரிக்காவில் யாரோ ஒருவருடைய கடன் அட்டை தொலைகிறது. அதற்காக இங்கே ஜாரோவில் என் வீட்டு வாசல் மணிக்குத் துணி சுற்றியிருக்கிறது.

அவர்கள் மகளுக்கு இரண்டரை வயது ஆகப்போகிறது. பெயர் ருமேன். அப்பன் பெயரின் தலையையும் தாய் பெயரின் வாலையும் வெட்டி ஒட்டியது. எந்தப் புனிதரும் இந்தப் பெயருக்குப் பொறுப்பேற்க மாட்டார்.

இன்றுவரை ஒரு சொல் பேசவில்லை.

ஜூன் 8, வியாழன்

சார்மேன் கால் சென்டரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுப்பவள். குழந்தையின் காதில் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் விழக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். நவம்பரில் மழலையர் பள்ளி நேர்முகம். மூன்று வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள். சட்டம் எல்லோருக்கும் பொது: அப்பாவுக்கு, எனக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் யாயா நெனித்துக்கு. குழந்தையை இண்டாய் என்று கூப்பிடவும் கூடாது. இந்த ஊரில் பெற்ற மகளையும் பக்கத்து வீட்டு மகளையும் இண்டாய் என்றுதான் கொஞ்சுவோம். மணிலாக்காரர்கள் வேலைக்காரிகளைக் கேலி செய்ய அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்களாம். அவர்கள் சிரிப்பார்கள் என்று நாம் கொஞ்சுவதை நிறுத்த வேண்டும்!

ஆனால் சட்டம் எனக்குப் புதிதில்லை. எங்கள் கன்னியர் மடப் பள்ளியில், வீட்டு மொழியான இலோங்கோ பேசிப் பிடிபட்டவள் கழுத்தில் ஒரு மரப்பலகை தொங்கும். அடுத்தவள் பிடிபடும்வரை அவள்தான் அதைச் சுமக்க வேண்டும். என் கழுத்துக்கு அது வந்ததே இல்லை. ஆகவே சார்மேன் கேட்டபோது சரி என்றேன். நாலு மணிக்குக் கீழே போய் இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாசிக்கிறேன். குழந்தை மரியாதையாக உட்கார்ந்திருக்கிறாள், விசாவுக்குக் காத்திருப்பவள் போல.

நெனித் கிமாராஸ் தீவுக்காரி. நாற்பது வயது. ஊரில் அவள் வாய்க்கு ஆறும் அடங்காது என்பார்கள். இங்கே அவளிடம் இருப்பது "ஈட்", "ஸ்லீப்", "நோ டச்", "குவையட், மம்மி ஸ்லீப்பிங்". அதையும் கிசுகிசுத்துத்தான் சொல்ல வேண்டும்.

"வேற ஏதாவது பேசேன் அவகிட்ட" என்றேன்.

"சென்யோரா, எனக்கு இங்கிலீஷ்ல அதட்டத்தான் தெரியும். கொஞ்சத் தெரியாது."

ஜூன் 14, புதன்

பிள்ளை மருத்துவரிடம் போனார்கள். வண்டியில் இடமில்லை என்றான் ருவேல். முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன், இடம் வந்துவிட்டது.

மருத்துவர் இளம்பெண். முதலில் காதைச் சோதித்தார்கள். மணி, மத்தளம், பின்னாலிருந்து ஒரு விசில் — எல்லாவற்றுக்கும் குழந்தை திரும்பினாள். காது பொன் போல இருக்கிறது என்றார்கள். சார்மேன் அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டாள். எத்தனை பகல் தூங்காமல் படுத்திருந்தாளோ.

பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "வீட்ல இவகிட்ட யார் பேசறா?"

ருவேல் சார்மேனைப் பார்த்தான். சார்மேன் நெனித்தைப் பார்த்தாள். நெனித் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்தேன்.

"டிவில நிறைய இங்கிலீஷ் பாட்டு கேக்கறா, டாக்டர்" என்றான் ருவேல்.

"டிவிக்கு இவ என்ன காட்டறான்னு தெரியாதே. இவ ஒரு பூனையைக் காட்டினா, அந்தப் பூனையைப் பாத்துட்டு இவ முகத்தையும் பாத்து பதில் சொல்ற ஆள் யாருன்னு கேக்கறேன். உங்களுக்கு எந்த பாஷைல சிரிப்பும் கோபமும் தானா வருதோ அதுல பேசுங்க. ரெண்டு பாஷை மூணு பாஷை பிள்ளைக்குப் பாரம் இல்ல. பேச்சே இல்லாததுதான் பாரம்." பேச்சுப் பயிற்சிக்கும் நாள் குறித்துக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் சார்மேன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த டாக்டருக்கே இப்பத்தான் பல்லு முளைச்சிருக்கு. ரெண்டு பாஷை கலந்து காதுல விழறதாலதான் இவ குழம்பறா. நெனித், கேட்டுல மீன்காரிகிட்ட வாயடிக்கறத இன்னையோட நிறுத்திடு."

எல்லாப் பக்கமும் பச்சை விளக்கு எரிந்தும் ஒருத்தி நடுரோட்டில் வண்டியை நிறுத்துகிறாள். வண்டியை எடு என்று நான் ஏன் சொல்லவில்லை?

ஜூன் 15, வியாழன்

நெனித் இன்று மீன்காரியிடம் இங்கிலீஷில் பேரம் பேசினாள். மாடியிலிருந்து கேட்டேன்.

"ஏன்டி, உனக்குக் காய்ச்சலா? இல்ல, பால்மீன் இப்ப அமெரிக்காவுக்குப் போகுதா?" என்று மீன்காரி தெருவே கேட்கக் கத்தினாள். குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

எதற்குச் சிரித்தாள்? குரலுக்கா? சொன்னதற்கா?

ஜூன் 20, செவ்வாய்

நெனித் துணி உலர்த்தப் போயிருந்தாள். குழந்தை என் சமையலறைத் தரையில் கரண்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் வெண்டைக்காய் நறுக்க எடுத்து, கண்ணாடி இல்லாமல், எனக்கு நானே முனகிக்கொண்டேன் — இலோங்கோவில்தான். தன்னோடு பேசும்போது யார் இலக்கணம் பார்க்கிறார்கள்? "எங்க தொலைஞ்சுது இந்தக் கண்ணாடி, தையல் மெஷின் மேலயா வெச்சேன்?"

குழந்தை எழுந்தாள். கூடத்துக்குப் போனாள். தையல் மெஷின் மேலிருந்து கண்ணாடியை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

தற்செயல் என்று நினைத்தேன். நான் சட்டென்று நம்புகிறவள் அல்ல. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணால் ஜாடை காட்டாமல், சுவரைப் பார்த்தபடி கேட்டேன். பூனை எங்கே? மேசைக்கு அடியில் குனிந்து காட்டினாள். சின்னக் கரண்டியைப் பெரிய கரண்டிக்குள் வை. வைத்தாள். நெனித்தின் செருப்பு எது? ஓடிப்போய்த் தொட்டாள். இன்னும் கடினமாக்கினேன்: மழை வந்தால் துணிக்கு என்ன ஆகும்? அவள் ஜன்னலைப் பார்த்து, என்னைப் பார்த்து, தன் சட்டையைப் பிடித்து இரண்டு கையாலும் பிழிந்து காட்டினாள்.

பிழிந்து காட்டினாள்!

பிறகு அதையே நல்ல, சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டேன். உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் அந்த விசா வரிசை.

இவள் ஊமையில்லை. மந்தமில்லை. இந்த வீட்டில் தலைக்கு மேலே போகும் பேச்சையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கி வைத்திருக்கிறாள். அது தனக்கு இல்லை என்றும் யாரோ சொல்லாமலே சொல்லி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு பேச்சு, சிரிப்போடு. அவளுக்கு நாலு அதட்டல். விருந்து பரிமாறிய மேசைக்கு அடியில் பிள்ளையை உட்காரவைத்து, ஏன் சாப்பிடவில்லை என்று வைத்தியரிடம் கூட்டிப்போயிருக்கிறோம்.

வெண்டைக்காய் நறுக்கவே இல்லை.

ஜூன் 21, புதன்

மாலை, அவர்கள் வேலைக்குக் கிளம்புமுன் சாப்பிடும் நேரத்தில் கீழே போனேன். நின்றுகொண்டே சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். இனிமேல் இந்தப் பிள்ளையோடு நான் இலோங்கோவில்தான் பேசுவேன், நெனித்தும் பேசுவாள் என்றும் சொன்னேன். இது அனுமதி கேட்பதில்லை, அறிவிப்பு.

சார்மேன் கரண்டியைக் கீழே வைத்தாள். "நினாங், உங்களுக்கு இங்கிலீஷ் ஒரு நகை. போட்டுக்கறீங்க, கழட்டி வெக்கறீங்க. எனக்கு அது சோறு."

"சோறு வேணாம்னு யார் சொன்னா? தண்ணி கேக்க ஒரு வார்த்தை இல்லாம இருக்கா உன் மக. ராத்திரி பூரா ஊராங்கிட்ட பேசறே. அவகிட்ட பேசினியா?"

"நான் முதல்ல வேலைக்குப் போனப்ப, நான் வாயத் தொறந்ததும் அந்த அறையே சிரிச்சுது. பத்து பேர். மலையிலேர்ந்து எறங்கி வந்துட்டா பாருன்னு. அந்தச் சிரிப்பு என் மகளுக்கு வேண்டாம். அவ்ளோதான்."

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "உன் பேச்சை மறைக்க உன் மக வாயத் தைக்கறியே, அது மட்டும் நல்லாருக்கா? கோபம் வந்தா உன் நாக்கு இப்பவும் சான் ரெமிஹியோ மலைக்குத்தான் ஓடுது. எங்களுக்கெல்லாம் காது இருக்கு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ருவேல் மீனில் முள் தேடிக்கொண்டிருந்தான். முள்ளே இல்லாத மீன்.

"நீயாவது பேசுடா" என்றேன்.

"சூப்பு ஆறுது, நினாங்" என்றான்.

சார்மேன் கராயாக்காரி. கராயா என்பது அவள் ஊர் சான் ரெமிஹியோ இருக்கும் ஆன்டிக் மலைப்பக்கத்துப் பேச்சு. இங்கே காய்கறி மூட்டை இறக்குகிறவர்களும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களும் பேசுவது. அவள் அதைப் பேசி ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஓசையில் மட்டும் சில சமயம் தெரியும். நான் சொன்னது உண்மைதான். அதைச் சொன்ன விதம் நல்லதில்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன். ஆனால் அறிவிப்பைத் திரும்பப் பெற மாட்டேன்.

ஜூன் 22, வியாழன்

நெனித்தை வேலையைவிட்டு நிறுத்திவிட்டாள் சார்மேன். மாதக் கடைசியில், இல்லையென்றால் அடுத்த மாதம், மண்டுரியாவோவில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போகப்போகிறார்களாம். ருவேல் படியில் நின்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனான்.

நெனித் மூட்டையோடு கண்ணீரும் கம்பலையுமாக விடைபெற வந்தாள். "மூட்டையை அங்க வை. பின்கட்டு அறை காலியாத்தான் இருக்கு. நாளைலேர்ந்து நீ என் வேலைக்காரி. எந்த பாஷைல வேணா பேசு, எவ்வளவு சத்தமா வேணா பேசு" என்றேன்.

"கீழ அவங்க தூங்குவாங்களே, சென்யோரா."

"தூங்கட்டும். தகரம் அடிக்கற ஆளையும் நாளைக்கு வரச்சொல்லு."

ஜூன் 27, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான். பகலில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. ஃப்ளாட் இன்னும் காலியாகவில்லை. புதிய யாயா கிடைக்கவில்லை. இன்று காலை ருவேல் கண் சிவந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தான். "நாங்க எழுந்துக்கற வரைக்கும், நினாங். சார்மேனுக்குத் தெரியும். ஆனா தெரியாது."

வாங்கிக்கொண்டேன்.

எழுபத்தெட்டு வயதில் அந்த மரப்பலகையை நானாக எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சிஸ்டர்கள் பரலோகத்திலிருந்து பார்க்கட்டும். காலையிலிருந்து பேசுகிறேன். வெங்காயத்தை ஏன் இப்படி உரிக்க வேண்டும் என்று. அமடோ எப்படி ஒரு வழக்கிலும் சத்தம் போடாமலே ஜெயிப்பார் என்று. இந்த மழை நல்ல மழையா, கெட்ட மழையா என்று. குழந்தை ஒன்றைக் காட்டினால் அதை ஒரு முழு வாக்கியமாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். அதுதான் கடினம், நிறுத்துவது. பள்ளியில் எங்களுக்கு யாரும் கற்றுத்தராத பாடம்: கேட்டுவிட்டு, வாயை மூடி, முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது. நெனித்தால் அது முடிவதில்லை. அவள் கேள்வியையும் கேட்டு, பதிலையும் சொல்லி, அந்தப் பதிலோடு சண்டையும் போடுகிறாள். குழந்தை இருவரையும் மாறிமாறிப் பார்க்கிறாள், பந்தாட்டம் பார்ப்பது போல.

ஜூன் 30, வெள்ளி

இன்று குழந்தை பூனைக்கு ஏதோ சொன்னாள்.

சொல் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பேச்சின் இழுப்பு முழுவதும் இருந்தது. நாங்கள் சண்டை போட்டாலும் தாலாட்டுப் போலிருக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அந்தத் தாலாட்டு. ஏறி, இழுத்து, கடைசியில் இறங்கி ஒரு கேள்வியாக நின்றது. பிறகு அவள் நிறுத்தி, பூனையின் முகத்தைப் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்தாள்.

பூனை மரியாதைக்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

ஒன்றுமில்லை. ராகம் மட்டும். மாலை முழுக்க அழுகை, எதற்கென்று தெரியவில்லை. காட்டவும் இல்லை, தரையில் புரண்டாள்.

நான் தப்பா இருந்தா? கண்ணாடி, செருப்பு எல்லாம் என் ஆசைக்கு நான் பார்த்ததா இருந்தா? ஒரு தாய்கிட்டேர்ந்து பிள்ளையைப் பிரிச்சு, யாயாவையும் பிடுங்கி, ஊரே பார்க்கற மாதிரி சண்டை போட்டு — ஒரு கிழவியோட வீம்புதானா இது? எனக்குன்னு ஒரு பிள்ளையை வளர்த்ததில்ல. எனக்கு என்ன தெரியும்?

நெனித்திடம் கேட்டேன். "மூணு பெத்தேன், சென்யோரா. மூணும் என் வாயை மூட வெக்கணும்னே பேச ஆரம்பிச்சுது" என்றாள். மருத்துவர் நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறாள். பேச்சுப் பயிற்சிக்கு நானே கூட்டிப்போகிறேன். வீம்பு என்றால் வீம்பு. பாதியில் விடுவதற்கு வீம்பு என்ற பெயர்கூடக் கிடையாது.

ஜூலை 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், பிறகு எனக்கே நம்பிக்கை இருக்காது.

பூசையிலிருந்து வந்து, சாப்பிடுமுன் கை கழுவ வா என்றேன். குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். கரண்டியைக் கீழே போட்டாள்.

"மாட்டேன்."

இலோங்கோவில். தெளிவாக. கடைசி எழுத்துவரை.

நெனித் கையிலிருந்த லாஸ்வா காய்கறிச் சூப்புப் பாத்திரத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு சிலுவை போட்டுக்கொண்டாள். நான் இன்னொரு முறை கேட்டேன் — கை கழுவ மாட்டியா? "மாட்டேன்!" சாப்பிட மாட்டியா? "மாட்டேன்!" தூங்க? "மாட்டேன், மாட்டேன்!" சிரித்துக்கொண்டே, வாசலில் நின்று தெருவுக்கும் ஒரு தடவை.

அம்மா, அப்பா, பால் என்று தொடங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவள் இதில் தொடங்கினாள். மனிதப் பிறவி தொடங்குவதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது.

கை கழுவ வைத்தேன். சொல் பெரிது, சுத்தமும் பெரிது.

ஜூலை 18, செவ்வாய்

வரிசையாக வருகின்றன. பூனை. மழை. செருப்பு. "இன்னும்." நெனித் பெயர். என்னை "புங்" என்கிறாள். புரிங் என்ற என் பெயர் அவ்வளவுதான் தேறியது. இந்த வயதில் இப்படி ஒரு பெயர். திருத்தவில்லை.

இரண்டரை மணிக்குச் சார்மேன் மேலே வந்தாள், சண்டைக்குப் பிறகு முதல் முறை. தூக்கக் கலக்கத்தோடு கதவோரம் நின்றாள். குழந்தை பூனையைத் துரத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"எத்தன வார்த்தை?"

"நிறைய."

"என்னை என்னன்னு கூப்பிடறா?"

நெனித் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பொய் வராது. "இன்னும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள், வாடிக்கையாளர் சொன்னதைக் குறித்துக்கொள்பவள் போல. "கம் ஹியர், பேபி" என்றாள். அழகான உச்சரிப்பு, எங்கள் சிஸ்டர்கள் கேட்டால் மெடல் தந்திருப்பார்கள். குழந்தை ஓட்டத்தை நிறுத்தினாள். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, மரியாதையாக, தாயிடம் நடந்து போனாள்.

நான் ஜெயித்தேன் என்று நினைக்க வேண்டிய நாள். நினைக்க முடியவில்லை.

ஜூலை 29, சனி

நாளை மறுநாள் போகிறார்கள். கீழே பெட்டிகள், கயிறுகள், சுருட்டிய பாய்கள். நான் உதவப் போகவில்லை. மாடிப்படியின் மேல்முனையில் நாற்காலி போட்டு, போகிற வருகிறவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் சார்மேன் பாத்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்னொரு பெட்டி வழியில் கிடந்தது. பார்க்கவில்லை. கால் விரல் முழுவேகத்தில் போய் இடித்தது.

"லிந்தி!"

இடி விழ என்று அர்த்தம். எங்கள் பக்கமும் சொல்வார்கள். ஆனால் இப்படி, அடிவயிற்றிலிருந்து, மலையே எதிரொலிக்கும்படி யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டியைப் போட்டுவிட்டுக் கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். கராயாவில். பெட்டிக்கு இடி விழ, பெட்டியை அங்கே வைத்த கைக்கு இடி விழ, அந்தக் கையைப் பெற்ற மாமியாருக்கு — எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. விரலை, விதியை, இரவு வேலையை, அமெரிக்காவை, ஒருவேளை என்னையும் சேர்த்து, ஒரே மூச்சில், ஏற்ற இறக்கத்தோடு, சந்தையில் மூட்டை சரிந்தவள் போல அழுகையும் வசவுமாக. மூன்று வருடத்தில் அந்தப் பெண் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

குழந்தை பாய்ச்சுருளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தாயின் வாயையே பார்த்தாள். கிட்டே வந்தாள். சார்மேன் கவனிக்கவில்லை, இன்னும் விரலோடு பேசிக்கொண்டிருந்தாள். குழந்தை குனிந்து அந்த விரலைப் பிடித்தாள்.

"லிந்தி" என்றாள். அதே குரலில், அதே அடிவயிற்றிலிருந்து.

சார்மேன் நிறுத்தினாள். நான் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டேன் — இப்போது அவள் இங்கிலீஷுக்குத் திரும்பினால் எல்லாம் போயிற்று. நோ, பேபி, பேட் வேர்ட் என்றால் போயிற்று.

அவள் மூக்கைத் துடைத்தாள். குழந்தையைப் பார்த்தாள். அப்புறம் கராயாவிலேயே, மெதுவாக, ஏதோ கேட்டாள். வலிக்கிறதா என்று கேட்டது போலிருந்தது. வலித்தது அவளுக்கு, கேட்டது பிள்ளையிடம். குழந்தை பெட்டியைக் காட்டினாள். ஓங்கி ஒரு அடி அடித்தாள். சார்மேன் சிரித்தாள், கண்ணீரோடு. இன்னொன்று சொன்னாள். குழந்தை பதில் சொன்னாள், பாதி ராகம், பாதி சொல். சார்மேன் நிறுத்தி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, காத்திருந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை.

நாற்காலியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். என்னை அங்கே யாரும் தேடவில்லை.

ஜூலை 31, திங்கள்

போய்விட்டார்கள். இந்தப் பெண் எதிலும் பின்வாங்குகிறவள் இல்லை. போவேன் என்றால் போவாள். எனக்கு அது பிடித்திருக்கிறது என்று யாரிடமும் சொல்லப்போவதில்லை.

வண்டி கிளம்புமுன் மேலே வந்தாள். "உங்க நாக்கை மன்னிக்க மாட்டேன், நினாங்" என்றாள்.

"மன்னிக்காதே. ஆனா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வா."

"வந்தா என் பேச்சுல பேசுவேன். மேசைல. எல்லார் முன்னாலயும்."

"நாப்கினை மடில போட்டுக்கிட்டு எதுல வேணா பேசு."

ஆகஸ்ட் 12, சனி

மழை. தகரம் நன்றாக இருக்கிறது, ஒரு சொட்டு இல்லை. கீழே விளக்கு போட நெனித்தை அனுப்பினேன். எதற்கு என்று கேட்டாள். இருட்டாக இருக்கிறது என்றேன்.

பகல் முழுக்க எவ்வளவு சத்தமும் போடலாம். போட ஆள் இல்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ருவேல் மட்டும் வந்தான். சார்மேன் தன் அக்காவைச் சான் ரெமிஹியோவிலிருந்து வரவழைத்திருக்கிறாளாம். மனாங் சல்வாசியோன் — விதவை, காய்கறி வியாபாரம். கல்யாணத்துக்குக்கூட இந்த ஊருக்குக் கூப்பிடாத அக்கா. இப்போது பகலெல்லாம் பிள்ளை அவளோடு, பாஷை மலைப்பாஷை, சத்தத்தில் இவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறார்களாம். பேச்சுப் பயிற்சிக்கும் அக்காதான் கூட்டிப்போகிறாள்.

"நவம்பர் நேர்முகம்?" என்றேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னுட்டா. சிரிக்கறவங்க சிரிக்கட்டுமாம்." கொஞ்சம் பயத்தோடும், நிறையப் பெருமையோடும் சொன்னான்.

அப்படியானால் என் இலோங்கோவும் இங்கிலீஷ் போன வழியே போகிறது. சண்டை போட்டது நான். கிடைத்தது வேறொரு மொழிக்கு. இருக்கட்டும். பிள்ளை வாயைத் திறக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். என் பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

கேட்கவில்லைதானே?

செப்டம்பர் 10, ஞாயிறு

மூவரும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மொலோ சூப், வறுத்த பால்மீன். சார்மேன் சொன்னபடியே மேசையில் கராயா பேசினாள், நாப்கினை மடியில் போட்டுக்கொண்டு. நெனித் வாசலில் நின்று அதற்கெல்லாம் இலோங்கோவில் பதில் சொன்னாள். ருவேல் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

சாப்பிட்டபின் ருமேன் என் நாற்காலிக்கு வந்தாள். முழங்காலில் கையை ஊன்றி நின்று ஒரு நீளமான விஷயத்தைச் சொன்னாள். வாக்கியம். தலையும் வாலும் உள்ள வாக்கியம், அதன் பின்னால் இன்னொன்று. எல்லாம் அந்த மலைப்பேச்சு.

"எனக்குப் புரியலையே, இண்டாய்" என்றேன். சார்மேன் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெயருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு வாயை நன்றாகத் திறந்து, உரக்க, நிறுத்தி நிறுத்தி, மந்தமான மாணவிக்குச் சொல்வது போல மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவர்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. ஐந்து. ஒன்று கறுப்பு. அது கடிக்கும், ஆனால் அவளைக் கடிக்காது.

என்னோடு அந்தத் தொனியில் பேச இதுவரை யாரும் துணிந்ததில்லை.

எல்லாம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்றேன்.